ஒரு க்ளிக்... ஒரு சுற்று!

சனிக்கிழமை காலை ஏழரை மணி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், பைக்குகளைத் தயார்செய்யும் பேடாக்கில் ஒரு பையன் குத்தவைத்து உட்கார்ந்து, தன் பைக்கின் ஹெட்லைட்டுக்குக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறான். கழற்றிய கண்ணாடிகள் இரண்டும் தரையில் கிடக்கின்றன. நம்பர் பிளேட் தோள்பைக்குள் போய்விட்டது. பக்கத்தில் ஒரு 'குட்டியானை' மினி லாரியிலிருந்து பலகை வழியாக இன்னொரு பைக் இறங்குகிறது. மூன்று பேர் பின்னால் பிடித்துக்கொள்ள, ஒருவர் முன் பிரேக்கை விட்டு விட்டு அமுக்குகிறார். லெதர் சூட்டை இடுப்பு வரை மாட்டி, கைப்பகுதியை வயிற்றில் முடிச்சுப் போட்டபடி டீ குடிக்கிறது ஒரு கூட்டம். ஐ.டி., வங்கி, அப்பாவின் ஹார்டுவேர் கடை, பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு என்று திங்கட்கிழமை ஆளுக்கொரு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

முதல் செஷன் முடிந்து உள்ளே வந்த பையன், ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு பக்கத்து ஷெட் மெக்கானிக்கிடம் போனான்.

"அண்ணே, வளைவை முடிச்சு ஆக்சிலேட்டர் குடுக்கும்போது பின்னாடி வழுக்குது. ஷாக்கை டைட் பண்ணணுமாண்ணே?"

"காத்து எவ்வளவு வச்சிருக்க?"

"கம்பெனி சொன்னதுதான். 32. காலைல பங்க்ல அடிச்சேன்."

"இப்பப் பாரு."

கேஜை வைத்தான். முள் 37-ஐத் தாண்டி நின்றது. மெக்கானிக் வால்வை விரல் நகத்தால் அமுக்கினார். புஸ்ஸென்று காற்று போனது. கேஜ், மறுபடி நகம், மறுபடி கேஜ். ஷாக்கை யாரும் தொடவில்லை. அடுத்த செஷன் முடிந்து வந்தவனிடம் வழுக்கலைப் பற்றிய பேச்சே இல்லை. எந்த வளைவில் இன்னும் தாமதமாக பிரேக் பிடிக்கலாம் என்பதுதான் அவனுக்கு அடுத்த கேள்வி.

வீட்டில் இருபது வயதுப் பிள்ளையும் 200 சி.சி. பைக்கும் இருக்கிற பெற்றோர் எல்லோருக்கும் இன்று ஒரே கவலை. இரவு பன்னிரண்டு மணிக்கு இ.சி.ஆரில் ரேஸ், ரீல்ஸுக்காக வீலிங், காது கிழியும் சைலன்சர். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் சாலை பறித்த உயிர்கள் 17,884. இத்தனை பேரும் ரேஸ் ஓட்டிச் செத்தவர்கள் இல்லை. ஆனால் 'என் வண்டி எவ்வளவு போகும்' என்ற கேள்விக்குச் சாலையில் விடை தேடியவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. அந்தக் கேள்வி தப்பான கேள்வி என்று நான் நினைக்கவில்லை. கேட்கும் இடம்தான் தப்பு. சரியான இடம் சென்னையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால், விடை வேகத்தைவிடப் பெரியது என்று தெரிகிறது.

சோழவரத்திலிருந்து வந்த பாதை

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கிய ஆண்டு 1953. அன்றைக்கு ரேஸ் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில். வைக்கோல் கட்டுகளையும் டிரம்களையும் அடுக்கி வளைவு உண்டாக்கி ஓட்டிய காலம் அது. கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, இருங்காட்டுக்கோட்டையில் டிராக் அமைத்து, 1990-ல் திறந்தது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். பழையவர்களுக்கு இன்னமும் 'எம்.எம்.ஆர்.டி.'தான். இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் வந்தது. சொந்தமாக ரேஸ் கார் கட்டிய கரிவரதன், 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்த டிராக்.

சென்னையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஒரகடத்திலும் வல்லத்திலும் ராயல் என்ஃபீல்டு. வல்லம் வடகாலில் யமஹா. திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். டயர். கொஞ்சம் தள்ளி ஓசூரில் டி.வி.எஸ். பைக்குகளையும் டயர்களையும் உலகத்துக்கே அனுப்பும் மண் இது. மோட்டோஜிபியின் 125 சி.சி. பிரிவில் 2011-ல் ஓட்டிய முதல் இந்தியர் சரத்குமாரும் சென்னைக்காரர். பைக் செய்யவும் தெரிந்த, ஓட்டவும் தெரிந்த ஊரில், சாதாரண ஆள் தன் பைக்கைச் சோதிக்க முறையான இடங்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன.

▪ ▪ ▪
பெட்டிச் செய்தி: டிராக் டே என்றால் என்ன?

இது ரேஸ் இல்லை. பரிசு, கோப்பை, முதலிடம் எதுவும் கிடையாது. கட்டணம் கட்டினால் ஒரு நாள் முழுக்க டிராக்கில் ஓட்டலாம்.

புதியவர், ஓரளவு பழகியவர், வேகமானவர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 15 அல்லது 20 நிமிட செஷன். நடுவில் ஓய்வு.

காலையில் பைக், ஹெல்மெட், உடை எல்லாம் பரிசோதனை. பிறகு கொடிகள் பற்றி வகுப்பு. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம், மெதுவாக உள்ளே வரவேண்டும். கறுப்பு காட்டினால் அந்த ஓட்டுநர் மட்டும் பிட்டுக்கு வரவேண்டும். கட்டம் போட்ட கொடி, நேரம் முடிந்தது.

முழு லெதர் சூட், முதுகுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலைத் தாண்டிய பூட்ஸ், முழுமுக ஹெல்மெட். இவை இல்லாமல் டிராக்கில் இறங்க முடியாது.
▪ ▪ ▪

சைலன்சரில் தொடங்காதீர்கள்

பைக்கை 'டியூன் பண்ணணும்' என்று முடிவெடுக்கிற நம் பையன் முதலில் போகும் இடம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. முதலில் வாங்குவது சைலன்சர். அடுத்தது ஏர் ஃபில்டர். சத்தம் கூடியதும் வண்டி பறக்கிற மாதிரி தோன்றும். டிராக்கில் இந்த நினைப்பு ஒரே காலையில் கரைந்துவிடும். அவனைவிடக் குறைந்த சி.சி.யில், கம்பெனி சைலன்சரோடு, ஒழுங்காகக் காற்று வைத்த ஆர்15 பைக் ஒன்று வளைவுக்கு உள்பக்கமாக நுழைந்து அவனைத் தாண்டிப் போகும்.

வேகம் பிறக்கும் இடம் டயர். இன்ஜின் எவ்வளவு தள்ளினாலும், பிரேக் எவ்வளவு இழுத்தாலும், தாரோடு பேசுவது டயரின் உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் காற்றிலிருந்து தொடங்குகிறார்கள். சில நூறு ரூபாய் கேஜ் ஒன்று போதும். ஆனால் பங்க்கில் காற்று அடிக்கும் மெஷினை நம்பாமல், எப்போதும் ஒரே கேஜ். ஆளுக்கொரு கேஜில் பார்த்தால் ஆளுக்கொரு அளவு காட்டும்.

டயரின் மேல்தோலைப் படிப்பது தனிக் கலை. செஷன் முடிந்து வந்ததும், ஸ்டாண்டில் ஏற்றிப் பின் டயரைக் கையால் உருட்டிப் பார்க்கிறார் மெக்கானிக். ரப்பர் பொடிப்பொடியாகச் சீராகத் தேய்ந்திருந்தால் சரி. பட்டை பட்டையாகக் கிழிந்திருந்தால் வெப்பமோ காற்றோ ஷாக்கோ ஏதோ ஒன்று ஒத்துழைக்கவில்லை. கிழிசலின் எந்த ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதை ஆள்காட்டி விரலால் தடவித் தடவிப் பார்க்கிறார். பையன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம்.

அடுத்து ஸ்பிரிங். பைக்கை முழுக்கத் தூக்கிவிட்டால் ஃபோர்க் எவ்வளவு நீளும், ஓட்டுகிறவர் ஹெல்மெட், சூட் எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கும்? இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 'சாக்' என்கிறார்கள். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டால், அமுங்கிய தூரத்தை அது காட்டிக்கொடுத்துவிடும். டிராக்கில் முன்னால் 30-லிருந்து 35 மில்லிமீட்டர் வரை அமுங்கினால் தொடங்குவதற்கு நல்ல அளவு. நம் ஊர் பைக்குகளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பின் ஸ்பிரிங்கை, பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து போவார், ஒரு மூட்டையும் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். 55 கிலோ பையன் தனியாக ஏறினால் அது அசையாது. அப்படி அசையாத ஷாக், மேடு பள்ளத்தில் டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். இவன் 'டைட்' பண்ண நினைக்கிறான். வண்டி கேட்பது அதற்கு நேர் எதிர்.

ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய், ஸ்பிரிங் அமுங்கும் வேகத்தையும் திரும்பி வரும் வேகத்தையும் கட்டுப்படுத்தும். விலை கூடிய பைக்குகளில் இதற்கென்று ஒரு சின்ன ஸ்க்ரூ. திருப்பினால் 'க்ளிக்... க்ளிக்' என்று எண்ணிக்கொள்ளலாம். திரும்பி வரும் வேகம் மிகக் குறைந்தால், முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அமுங்கி அமுங்கி, கடைசியில் அமுங்க இடமே இருக்காது. வேகம் மிகக் கூடினால் வளைவின் நடுவில் பைக் துள்ளும். சாதாரண பைக்கில் ஸ்க்ரூவும் இல்லை, க்ளிக்கும் இல்லை. ஃபோர்க் எண்ணெயைக் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றுவதுதான் வழி. இருபது வருடமாக நம் தெருமுனை மெக்கானிக்குகள் செய்துவரும் வேலை இது. டிராக்கில் மட்டும்தான் அதற்கு மரியாதை கிடைக்கிறது.

செயினைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செயின் இறுக்கமாக இருந்தால், பின் சக்கரம் மேலே ஏறும்போது அது சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். விலை உயர்ந்த ஷாக் போட்டும் வேலை செய்யாமல் போகிற பைக்குகளில் குற்றவாளி பல சமயம் இந்தச் செயின்தான்.

ஸ்ப்ராக்கெட் கணக்கு எளிது. முன்னால் 15 பல், பின்னால் 45 பல் என்றால் விகிதம் 3. முன்னால் ஒரு பல் குறைத்து 14 ஆக்கினால் 3.21. இழுவை ஏழு சதவீதம் கூடும், அதே அளவுக்கு ஒவ்வொரு கியரிலும் உச்ச வேகம் குறையும். பின்னால் மூன்று பல் கூட்டி 48 ஆக்கினாலும் கிட்டத்தட்ட அதே பலன். எது நல்லது? நேர்ப்பாதையின் முடிவில் கடைசி கியரில் இன்ஜின் எந்த ஆர்.பி.எம்.மில் நிற்கிறது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைக்காரர் சொல்ல முடியாது. டிராக் சொல்லும்.

▪ ▪ ▪
பெட்டிச் செய்தி: காற்றின் கணக்கு

30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஓடி ஓடி 65 டிகிரிக்குச் சூடானால் உள்ளே அழுத்தம் சுமார் 37 பி.எஸ்.ஐ.க்கு ஏறிவிடும். காற்றின் அளவு மாறவில்லை, வெப்பம்தான் மாறியது. கணக்குப் போடும்போது கேஜ் காட்டும் அளவோடு வெளிக்காற்றின் 14.7 பி.எஸ்.ஐ.யையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தம் ஏறினால் டயர் உப்பும், தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், பிடி குறையும். அதனால் டிராக்கில் சூடாக இருக்கும்போதே அளந்து குறைக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்முன் டயர் ஆறியபிறகு கம்பெனி அளவுக்குக் காற்று நிரப்பியே ஆகவேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் போவது ஆபத்து.
▪ ▪ ▪

நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாயா?

பேடாக்கில் ஆளைத் தரம் பிரிக்க எனக்கு ஒரே அளவுகோல்தான். கையில் நோட்டு இருக்கிறதா, இல்லையா.

ஒருவர் காலையில் பழைய சைலன்சரோடு ஓட்டுகிறார். மதியம் புதுசு மாட்டி ஓட்டுகிறார். மதியம் சுற்று நேரம் இரண்டு நொடி குறைகிறது. சைலன்சரால் குறைந்ததா? டிராக் பழகிவிட்டது, அதனால் குறைந்திருக்கலாம். டயர் சூடாகிப் பிடி கூடியிருக்கலாம். பெட்ரோல் தீர்ந்து எடை இறங்கியிருக்கலாம். இன்னொரு பக்கம், காலை 25 டிகிரிக் காற்று மதியம் 38 டிகிரி ஆகும்போது நான்கு சதவீதம் மெலிந்துவிடும். மெலிந்த காற்றில் இன்ஜின் பலமும் இறங்கும். புதுச் சைலன்சர் உண்மையிலேயே கொஞ்சம் பலம் கூட்டியிருந்தாலும், வெயில் அதை விழுங்கியிருக்கலாம். மார்ச் மாதம் ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் செய்யும் சோதனைக்கும், டிசம்பர் காலையில் செய்யும் சோதனைக்கும் முடிச்சுப் போடவே முடியாது.

தேர்ந்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய அமைப்பில் ஓட்டு, ஒன்றே ஒன்றை மாற்று, ஓட்டு, மறுபடி பழையபடி வைத்து இன்னொரு முறை ஓட்டு. மூன்றாவது ஓட்டத்தில் நேரம் பழைய நிலைக்கே போனால்தான் மாற்றம் உண்மை. போகாவிட்டால், முன்னேறியது ஓட்டுகிறவர். கேட்க எளிது. புது ஷாக் வாங்கிய உற்சாகத்தில் அதைக் கழற்றிப் பழசை மாட்ட யாருக்கு மனம் வரும்? அந்த மனம் வருகிறவர்கள்தான் டியூனர் ஆகிறார்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை அதிகமில்லை. நேரம், வெயில், டயர் காற்று ஆறியபோதும் சூட்டிலும், எத்தனை க்ளிக், எந்த வளைவில் பைக் என்ன செய்தது. 'சி1-ல் முன்பக்கம் வெளியே ஓடுது' என்ற ஒரு வரி, 'வண்டி சரியில்ல' என்ற பத்து வரிக்குச் சமம். இருங்காட்டுக்கோட்டையில் வளைவுகளுக்கு சி1, சி2 என்றுதான் பெயர். எந்த வளைவு, நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த அன்றைக்குப் பாதி டியூனிங் முடிந்துவிட்டது.

ஸ்க்ரூடிரைவருக்கு வந்த சோதனை

ஆர்.எக்ஸ்.100 பைக் காலத்தில் இன்ஜின் டியூனிங் என்பது கையில் இருந்த வித்தை. கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருத்து ஈரமாக இருந்தால் அதிகம். லேத் பட்டறையில் போர்ட்டை அரைத்து, தகரத்தை வளைத்துப் பற்றவைத்து எக்ஸாஸ்ட் செய்தவர்கள் சோழவரத்தில் வெளிநாட்டு பைக்குகளுக்கு ஈடுகொடுத்தார்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தது. பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிப்பது கம்ப்யூட்டர் வேலையானது. 2023 ஏப்ரலிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர், புகை கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று தன்னைத்தானே கண்காணிக்கவும் வேண்டும். சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு கம்ப்யூட்டரை அப்படியே விட்டால் கலவை மாறும், பல நேரம் பலம் குறையவும் செய்யும். காற்று மண்டலத்துக்கு இந்த மாற்றம் அவசியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தெருமுனை மெக்கானிக்கின் வித்தை ஒரே தலைமுறையில் லேப்டாப் வைத்திருப்பவர் கைக்குப் போய்விட்டது. நாற்பது வருடம் பிளக் நிறம் பார்த்த கண்ணுக்கு இன்றைக்கு வேலை இருப்பது ஃபோர்க்கிலும் டயரிலும் செயினிலும்தான். டிராக் டே பேடாக்கில் அந்தக் கண்ணுக்கு இன்னும் தேவை இருக்கிறது. அதற்காகவே அந்த இடம் பிழைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேட்டைத் தாண்டினால் குற்றம்

டிராக்கில் சரியாக இருந்ததெல்லாம் நெடுஞ்சாலையில் தப்பாகிவிடும். கண்ணாடி இல்லாத, நம்பர் பிளேட் இல்லாத, சைலன்சர் மாற்றிய பைக்கை கேட்டுக்கு வெளியே ஒரு மீட்டர் ஓட்டினாலும் வழக்குத்தான். கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் வசதிக்காக மட்டும் அப்படி வருவதில்லை.

டிராக்குக்கு வெளியே ஓடும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் பக்கத்தில், 2023 செப்டம்பரில் ஒரு யூடியூபர் வீலிங் செய்து விழுந்தார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. அவரைப் பார்த்துக் கைதட்டிய பையன்களில் எத்தனை பேருக்கு, அதே சாலையின் ஓரத்திலேயே ஒரு ரேஸ் டிராக் இருப்பது தெரியும்?

▪ ▪ ▪
பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 2019 திருத்தத்துக்குப் பிறகு:

பிரிவு 189: அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் ரேஸ் அல்லது வேகப் போட்டி. முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 182ஏ(4): அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 190(2): சத்தம், புகை வரம்பை மீறினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தடை.
▪ ▪ ▪

விழுந்தால் யார் தருவார்?

டிராக்கில் விழுவது நடக்கும். விழுந்தவர்கள் பெரும்பாலும் எழுந்து நடந்து வருவார்கள். எதிரில் லாரி வராது, மின்கம்பம் கிடையாது, பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் நிற்கும். பைக் எழுந்து வருமா என்பது வேறு கதை. ஃபேரிங், ஹேண்டில், ஃபுட்பெக், லீவர் என்று ஒரு சறுக்கலில் மாதச் சம்பளம் போய்விடும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். பாலிசியை எடுத்து, 'எதற்குப் பயன்படுத்தலாம்' என்று சொல்லும் வரியைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கு விடுவதோடு சேர்த்து, ஒழுங்கு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றையும் விலக்கி வைத்திருப்பார்கள். டிராக் டே என்பது ரேஸ் இல்லைதான். ஆனால் வேகச் சோதனை இல்லை என்று யார் வாதாடி ஜெயிப்பது? காலையில் டிராக் வாசலில் போடுகிற கையெழுத்தும், 'என் பொறுப்பில்தான் ஓட்டுகிறேன்' என்ற உறுதிமொழிதான். எனவே பைக்கின் செலவு முழுக்க ஓட்டுகிறவர் தலையில். உடம்புக்கு எடுத்த மெடிக்கல் பாலிசியிலும் சாகச விளையாட்டு விலக்கு உண்டா என்று முந்தின வாரமே எழுதிக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

டிராக் என்றால் மரணம் இல்லை என்று யாரும் எழுதக்கூடாது. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கார் ரேஸில் அனுபவம் மிக்க ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி, தேசிய பைக் ரேஸ் சாம்பியன்ஷிப்பில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். அந்த வாரத்தின் மீதிப் போட்டிகள் எல்லாம் ரத்தாயின. இரண்டும் போட்டியில் நடந்தவை. டிராக் டேயில் முட்டிமோதி முந்தவேண்டிய அவசியம் இல்லை என்பது பெரிய வித்தியாசம். என்றாலும் அந்தச் சிறுவனின் பெயரைச் சொல்லும்போது பேடாக்கில் இப்போதும் பேச்சு நின்றுவிடுகிறது. எந்த வயதில் எந்த பைக், ஒரே நேரத்தில் டிராக்கில் எத்தனை பேர், விழுந்தவர் மீது பின்னால் வருபவர் ஏறாமல் தடுப்பது எப்படி என்ற கேள்விகளை அமைப்பாளர்கள் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணம் கட்டிய எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடும் அமைப்பாளரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

சாலைக்குத் திரும்பும்போது

டிராக்கில் ஓட்டிப் பழகியவன் சாலையிலும் அப்படியே பறப்பானே என்பது பெற்றோரின் நியாயமான பயம். சிலர் அப்படி ஆவதும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு நேர்வது வேறு. பிரேக் பிடிக்கும் தூரத்தை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறார்கள். நல்ல தார், நல்ல டயர், முழு பிரேக். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர். 120-ல் ஏறக்குறைய 80 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. இது பள்ளிக்கூட அறிவியல். அதை டிராக் ஓரத்தில் 200, 150, 100 என்று நிற்கும் பலகைகளுக்கு நடுவில், வயிறு டேங்கில் அழுந்த, முன் டயர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு கற்றுக்கொண்டவன், மாதவரம் ரவுண்டானாவில் ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகமாட்டான்.

நம் ஊரில் பைக் ஓட்டுகிறவர்களில் பலர் முன் பிரேக்கைத் தொடப் பயப்படுகிறார்கள். 'முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்' என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள். பிரேக் பிடிக்கும்போது எடையெல்லாம் முன் சக்கரத்துக்கு வருவதால், வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்கிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அது வேலை செய்யும்போது லீவர் துடிப்பதை உணர்ந்து பயந்து கையை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அந்தத் துடிப்பை ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் உணர்ந்துவிட்டால், பிறகு எடுக்கமாட்டார்கள். கீத் கோட் 1980-ல் அமெரிக்காவில் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு நடத்தியபோதும், தேசிய சாம்பியன் ரஜினி கிருஷ்ணன் தன் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி, வேகத்தைக் கூட்டுவது பற்றியதில்லை. எங்கே பார்க்க வேண்டும், எப்போது பிரேக்கை விட வேண்டும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மெதுவாகத் திறக்க வேண்டும் என்பவைதான்.

யாருக்கு இந்த டிராக்?

லெதர் சூட், பூட்ஸ், கையுறை, நல்ல ஹெல்மெட் எல்லாம் சேர்த்தால் ஒரு பழைய பைக்கின் விலை. அதன்மேல் டிராக் கட்டணம், குட்டியானை வாடகை, டயர் தேய்மானம். விளைவு, பேடாக்கில் நிற்பதில் பெரும்பாலானவை 300 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகள். இ.சி.ஆரில் இரவு பந்தயம் கட்டுகிற பையனிடம் இருப்பதோ தவணையில் வாங்கிய 160 சி.சி. பைக். அவனுக்குச் சரியான இடத்தின் கேட் இன்னும் திறக்கவில்லை.

திறப்பது கடினமும் இல்லை. 150, 160 சி.சி. பைக்குகளுக்கு மட்டும் தனி நாள் வைத்தால் வேக வித்தியாசம் குறையும், ஆபத்தும் குறையும். செட்டிபாளையம் போன்ற சின்ன டிராக்குக்கு இது நன்றாகப் பொருந்தும். சூட்டையும் பூட்ஸையும் டிராக்கிலேயே வாடகைக்குக் கொடுக்கலாம். பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் பைக், டயர் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு முதல் செஷன் கட்டணத்தை ஏற்கலாம். டி.வி.எஸ். தன் அப்பாச்சி ஓட்டுநர்களுக்கு டிராக் பயிற்சி நடத்தியும், ராயல் என்ஃபீல்டு 2021-ல் கான்டினென்டல் ஜிடி கப் தொடங்கியும், அதற்கான பாதை இருப்பதைக் காட்டிவிட்டன. ஒரு நாளுக்கு மட்டும், விழுந்தால் பைக்குக்கும் ஆளுக்கும் சேர்த்து ஒரு பாலிசியை இன்சூரன்ஸ் கம்பெனிகள் விற்கலாம். வெளிநாடுகளில் விற்கிறார்கள். இரவு ரேஸில் முதல்முறை பிடிபடும் பையனிடம் அபராதம் வாங்குவதோடு நிற்காமல், ஒரு நாள் டிராக் பயிற்சிக்கும் போலீஸ் அனுப்பி வைக்கலாம். செலவை அந்த அபராதத் தொகையிலிருந்தே எடுக்கட்டும்.